சுமந்தது அதிகம், சுட்டது குறைவு: பழைய வேட்டை ரைபிளுக்கு விலை எப்படிப் படிகிறது

பழைய வேட்டை ரைபிள் ஒன்றைக் கையில் கொடுத்து "இது எவ்வளவு போகும்?" என்று கேட்டால், விவரம் தெரிந்தவர் முதலில் திருகுகளைத்தான் பார்ப்பார். தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையும் மேகசினும் காலிதான் என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகு.

திருகில் பார்க்க என்ன இருக்கிறது? துப்பாக்கித் திருகின் தலையில் உள்ள பிளவு குறுகலானது, இரு பக்கச் சுவர்களும் நேராக இறங்குபவை. வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரின் முனையோ ஆப்பு மாதிரி சரிவானது. அதை வைத்துத் திருகினால் வழுக்கும். பிளவின் ஓரம் நசுங்கிப் பிசிறு கிளம்பும். அப்படிச் சிதைந்த ஒரே ஒரு திருகு போதும், சரியான கருவி இல்லாத ஒருவர் இதைப் பிரித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். பிரித்தவர் உள்ளே என்னென்ன செய்தாரோ என்ற சந்தேகம் அங்கிருந்து தொடங்குகிறது. திருகுகள் எல்லாம் கூர்மை கெடாமல் இருந்தால், வெளியே எவ்வளவு தேய்ந்திருந்தாலும் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

நிறைய உழைத்த துப்பாக்கி என்றாலே விலை போகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். விலையை நிஜமாகத் தின்பது தேய்மானம் அல்ல. யாரோ நல்லது செய்வதாக நினைத்துக் கை வைத்ததுதான்.

வேட்டை ரைபிளின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று யோசித்தால் இது புரியும். அது நாள் முழுக்கச் சுமக்கப்படுகிறது; சுடப்படுவது எப்போதாவதுதான். பருவத்துக்கு முன் குறி சரிபார்க்க நாலைந்து தோட்டா, பருவத்தில் ஒன்றிரண்டு. வருடத்துக்குப் பத்து என்று வைத்தாலும் நாற்பது வருடத்தில் நானூறுதான் ஆகும். .30-06 போன்ற தோட்டா வகைக்கான ஒரு குழல் சில ஆயிரம் தோட்டாக்களுக்குத் தாங்கும். ஆக, வெளியே மெருகு போய், தோளில் ஊன்றும் மரக்கட்டையெல்லாம் கீறல் விழுந்து நிற்கும் ஒரு ரைபிளின் உள்பக்கம் கண்ணாடி போல இருப்பது அபூர்வம் ஒன்றும் இல்லை. தலைகீழாகவும் நடக்கும். அலமாரியிலேயே இருந்து பளபளக்கும் துப்பாக்கியை, என்றோ ஒரு மழை நாளில் சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்திருப்பார்கள். உள்ளே துரு அரித்திருக்கும்.

தேய்மானத்தின் வரைபடம்

நேர்மையான தேய்மானத்துக்கு என்று இடங்கள் உண்டு. ரைபிளை ஒரு கையில் தொங்கவிட்டு நடக்கும்போது உள்ளங்கை படுவது அதன் எடை சமமாக நிற்கும் இடத்தில், டிரிகர் காவலுக்குச் சற்று முன்னால். அங்கே கருநீல மெருகு கரைந்து வெள்ளியாக மின்னும். டிரிகரைச் சுற்றிய நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றும் லீவர் ரைபிளாக இருந்தால் ரிசீவரின் (குழலும் போல்ட்டும் பொருந்தும் உலோக உடலின்) அடிப்பக்கமும் இரு பக்க விளிம்புகளும் அப்படி ஆகும். தோல் உறையிலும் வண்டியிலும் உரசி உரசிக் குழலின் வாய்ப்பக்கம் வெளுக்கும். போல்ட் குமிழ், கட்டையின் கீழ் விளிம்பு, தோள்வார் வளையம் ஆடி ஆடிப் போட்ட அரைவட்டக் கீறல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கூர்மையான விளிம்புகள்தான் முதலில் வெளுக்கும். பொறித்த எழுத்துகளின் பள்ளத்துக்குள் பழைய நிறம் அப்படியே தங்கும்.

இந்த வரிசை மாறியிருந்தால் நின்று பார்க்க வேண்டும். நிறம் எங்கும் ஒரே சீராக அடர்த்தியாக இருக்கிறது, ஆனால் விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன. தயாரிப்பாளர் பெயரின் எழுத்துகள் தேய்ந்து மங்கலாக இருக்கின்றன. திருகு துளைகளைச் சுற்றி உலோகம் லேசாகக் குழிந்து தட்டு மாதிரி இறங்குகிறது. அப்படியென்றால் பழைய மெருகைச் சாணை பிடித்து எடுத்துவிட்டு, புதிதாகப் புளூயிங், அதாவது அந்தக் கருநீல மெருகு, ஏற்றியிருக்கிறார்கள். குழியும் மழுங்கலும் சாணைச் சக்கரத்தின் கைரேகை. தொழிற்சாலையில் வெள்ளையாகவே விட்டிருந்த ஓர் உதிரிப்பாகம் கறுத்திருந்தாலும் அதே முடிவுதான்.

சேகரிப்பாளர்கள் மூல மெருகு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்றுதான் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் திரும்ப மெருகேற்றிய துப்பாக்கிக்கு மதிப்பெண்ணே கிடையாது. நாற்பது சதவீத மூல மெருகோடு பழுப்பேறி நிற்கும் ரைபிளையும், நேற்று மெருகேற்றிப் பளபளக்கும் அதே மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சேகரிப்பாளர் பழுப்பேறியதைத்தான் எடுப்பார். சாணையில் போன உலோகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாதே.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். சில பழைய வின்செஸ்டர் ரிசீவர்களில் மெருகு செதில் செதிலாகத் தானாகவே உரியும். நிக்கல் கலந்த எஃகில் அது சரியாகப் பற்றவில்லை. குழலில் நிறம் முழுசாக இருக்க, ரிசீவர் மட்டும் மொட்டையாக இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். உரிந்த இடத்தின் ஓரம் திட்டுத்திட்டாக வெட்டுண்டது போல இருக்கும். கை பட்டுத் தேய்ந்த இடமோ மெல்ல மெல்ல மங்கும். விரல் நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரியும்.

மரக்கட்டைக்கும் இதே பார்வைதான். தொழிற்சாலையில் மரத்தை உலோகத்தைவிட ஒரு மயிரிழை உயரமாக விட்டுத்தான் பொருத்துவார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்த கட்டையில் மரம் தாழ்ந்து உலோகம் துருத்தும். இதைக் கண்டுபிடிக்க எளிய இடம் கட்டையின் பின்முனை. அங்கே இருக்கும் தகட்டின் ஓரம் மரத்தைத் தாண்டி விரலில் இடறினால் கட்டை சுரண்டப்பட்டிருக்கிறது. பிடிமானத்துக்காகக் கட்டம் கட்டமாக வெட்டிய செக்கரிங் கோடுகளின் முனைகள் தட்டையாகிப் போயிருந்தாலும், அது கையால் தேய்ந்ததா தாளால் தேய்ந்ததா என்று கேட்க வேண்டும். கையால் தேய்ந்தது பிடிக்கும் இடத்தில் மட்டும் தேயும்.

உதைப்பைக் குறைக்க ரப்பர் பட்டை ஒட்டுவதற்காகக் கட்டையின் பின்முனையை அறுத்திருந்தால் அது பெரிய அடி. வார்னிஷைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், அறுத்த மரத்தை யாரும் ஒட்டவைக்க முடியாது. அப்புறம் விரிசல். ரிசீவரின் வால் மரத்துக்குள் இறங்கும் இடத்தில், மணிக்கட்டு போல் மெலிந்த பகுதியில், பல வருட உதைப்பு மயிரிழை விரிசலாக வெளிப்படும். சாவேஜ் 99 போன்ற லீவர் ரைபிள்களில் இதை முதலில் தேடுவது வழக்கம். அங்கே எண்ணெய் ஊறி மரம் கறுத்து மெத்தென்று ஆகியிருந்தால் விரிசல் வரக் காத்திருக்கிறது என்று பொருள். துடைத்த பின் குழலை மேல் நோக்கி நிறுத்தி வைப்பவர்களின் துப்பாக்கிகளில் இது சகஜம். எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து மரத்துக்குள்தான் போகும்.

மரத்தைப் பற்றிப் பேசும்போது உப்புக் கட்டைகளை விட முடியாது. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் முற்பகுதிவரை பிரௌனிங் துப்பாக்கிகளில் போன வால்நட் மரத்தின் ஒரு பகுதி, சீக்கிரம் காய வேண்டும் என்று உப்பில் பதப்படுத்தப்பட்டது. உப்பு ஈரத்தை இழுத்தது. மரம் தொடும் இடமெல்லாம் உலோகம் அரித்தது. வெளியே பார்த்தால் புதுத் துப்பாக்கி. பின்முனைத் தகட்டின் திருகு ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் அதன் மரைகளில் செந்நிறத் துரு பூத்திருக்கும். சிலர் தகட்டுக்கு உள்ளே தெரியும் வார்னிஷ் படாத மரத்தில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவார்கள். உப்பு இருந்தால் அந்த இடம் வெளுக்கும். கட்டையை மாற்றினால் துரு நிற்கும். ஆனால் அப்போது அது மூலக் கட்டை இல்லாத துப்பாக்கி.

குழலுக்குள்

உள்ளே பார்க்கும் முன் ஒரு துணித்துண்டை விட்டு எடுக்க வேண்டும். தூசியும் பழைய எண்ணெயும் நல்ல குழலைக் கெட்டதாகக் காட்டும். அதைவிட மோசம், செம்பு படிவு கெட்ட குழலை நல்லதாகக் காட்டும். குழிகளை அது நிரப்பி மறைத்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் செம்பைக் கரைக்கும் மருந்து போட்டுத் துடைத்த பிறகே தீர்ப்பு சொல்வார்கள்.

பழைய குழல்களில் காணும் அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் வயது அல்ல, அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பிரைமர், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி. அதில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். கிட்டத்தட்ட சமையல் உப்பு மாதிரிதான். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். விவரம் தெரிந்த வேட்டைக்காரர்கள் அன்று மாலையே கொதிக்கும் நீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, துடைத்து, அப்புறம் எண்ணெய் போட்டார்கள். தெரியாதவர்கள் எண்ணெய் மட்டும் போட்டு வைத்தார்கள். எண்ணெய்க்கு அடியில் துரு தன் வேலையைப் பார்த்தது. ரெமிங்டன் 1927இல் அரிக்காத பிரைமர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகும், இரண்டாம் உலகப் போர்க் காலத்து மலிவு ராணுவத் தோட்டாக்கள் வழியாகப் பழைய உப்பு பல காலம் புழங்கியது. அதனால் 1950களில் செய்த ரைபிளிலும் இந்த அரிப்பைப் பார்க்கலாம்.

அரிப்பிலும் தரம் உண்டு. பனி படர்ந்த கண்ணாடி போல மங்கலாக, ஆனால் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய புரிகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பெரும்பாலும் நன்றாகவே சுடும். அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தனித்தனிக் குழிகளாக விழுந்திருந்தால் அது வேறு கதை. குழலை வெளிச்சத்தின் பக்கம் நீட்டிப் பார்க்கும்போது ஓரிடத்தில் கரிய வளையம் ஒன்று நிழலாகத் தெரிந்தால், ஏதோ அடைத்திருந்தபோது சுட்டிருக்கிறார்கள். குழல் அங்கே புடைத்திருக்கிறது. வெளியே அந்த இடத்தை விரல் நுனியால் நீவினால் மேடு தட்டுப்படலாம். அந்தக் குழலுக்கு விலை சொல்ல வேண்டாம், ரைபிளின் மற்ற பாகங்களுக்கு மட்டும் சொல்லலாம்.

தேய்மானம் இரண்டு முனைகளில் நடக்கிறது. தோட்டா அறையைத் தாண்டியதும் வரும் தொண்டைப் பகுதியைச் சூடான வாயு அரிக்கும். 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட், 1950களின் இறுதியில் வந்த .264 வின்செஸ்டர் மேக்னம் போன்ற வேகமான தோட்டாக்கள் இதில் பேர்போனவை. அந்த வகை ரைபிள்களில் தொண்டையைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. .30-30 மாதிரி நிதானமான தோட்டா ஒரு மனிதரின் ஆயுளில் தொண்டையை அரித்து முடிப்பது அரிது.

வாய்ப்பக்கத்தைத் தேய்ப்பது குண்டு இல்லை, துடைக்கும் கம்பி. வின்செஸ்டர் 94 போன்ற லீவர் ரைபிள்களைப் பிரிக்காமல் பின்பக்கமிருந்து துடைக்க வழியில்லை. எல்லாரும் வாய் வழியாகத்தான் கம்பியை விட்டார்கள். பல ஆண்டுகள் ஓரமாக உரசி உரசி அந்த வட்டம் முட்டை வடிவமாகிவிடும். 1948இல் வந்த மார்லின் 336இல் லீவரின் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் போல்ட் பின்னால் வந்துவிடும். அதனால் அதன் வாய் பெரும்பாலும் பிழைத்திருக்கும். வெடிமருந்தோ பிரைமரோ இல்லாத போலித் தோட்டாவின் குண்டை வாயில் வைத்துப் பார்ப்பது ஒரு பழைய வழி. குண்டு முழுவதும் கூடு வரை உள்ளே போனால் வாய் நன்றாகவே தேய்ந்திருக்கிறது. இது சரிசெய்யக்கூடிய குறைதான். நல்ல கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர், நுனியை ஒரு இழை கடைந்து புது வட்டம் எடுத்துக் கொடுப்பார். ஆனால் கடைந்த குழல் நீளம் குறையும், முன் குறிமுள்ளின் இடம் கணக்குத் தவறும், சேகரிப்பாளர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். சுடுபவருக்கு லாபமாக இருக்கும் வேலை சேகரிப்பாளரிடம் விற்பவருக்கு நஷ்டம்.

சுடுவதற்கு வாங்குபவர் வேறு, சேர்த்து வைக்க வாங்குபவர் வேறு. ஒரே ரைபிளுக்கு இரண்டு விலை இருப்பது அதனால்தான், எந்தச் சந்தைக்கு இது என்று முடிவு செய்யாமல் எடுத்த எடுப்பில் ஓர் எண்ணைச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

1964 என்ற கோடு

ஆண்டு எப்படி விலையாகிறது என்பதற்கு வின்செஸ்டர் மாடல் 70ஐ விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1936இல் உற்பத்தி தொடங்கிய ரைபிள். ஜெர்மானிய ராணுவ ரைபிளான மவுசர் 98இலிருந்து எடுத்துக்கொண்ட நீண்ட கொக்கி, தோட்டா மேகசினை விட்டுக் கிளம்பிய உடனே அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு அறைவரை அழைத்துப் போகும். செக்கரிங்கைக் கையால் வெட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, செலவைத் தவிர. 1962இல் ரெமிங்டன் 700 மலிவான உற்பத்தி முறையோடு வந்தபோது வின்செஸ்டரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1964இல் மாடலை மாற்றினார்கள். கொக்கி போனது, வெட்டிய செக்கரிங் போய் அச்சில் அழுத்திய கோலம் வந்தது. கட்டைவிரலை வைத்தால் புரியும்: வெட்டிய செக்கரிங் தோலைப் பிடிக்கும், அழுத்திய கோலத்தில் மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருக்கும், விரல் வழுக்கும்.

அன்றிலிருந்து '64க்கு முந்தியது' என்பதே சந்தையில் ஒரு தரப்பெயர் ஆகிவிட்டது. புது வகையின் வரிசை எண் 7,00,000இல் தொடங்கியது. அதற்குக் கீழே என்றால் பழைய வகை. இதில் ஒரு வேடிக்கை, 1964க்குப் பிந்திய ரைபிள்கள் குறி தப்புபவை அல்ல. பல நன்றாகவே சுடுகின்றன. சந்தை தண்டித்தது துல்லியத்தை இல்லை, சிக்கனம் கண்ணுக்குத் தெரிந்ததை. கொக்கியை 1990களில் வின்செஸ்டரே திரும்பக் கொண்டுவந்தது.

மாடல் 94க்கும் இதே ஆண்டுதான் கோடு. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ரைபிள் என்பதால், 'பழைய வின்செஸ்டர்' என்பதற்காக மட்டும் அரிதாகிவிடாது. 1964க்குப் பிந்திய ஆண்டுகளின் ரிசீவரில் வழக்கமான புளூயிங் சரியாக ஏறாது, செம்பழுப்பாகத் திரிந்து போகும். புது மெருகோடு அப்படி ஒரு ரிசீவர் வந்தால் கதை அங்கேயே முடிந்தது.

தோட்டா வகை விலையை இரண்டு திசைகளிலும் இழுக்கும். பழைய மாடல் 70இல் .30-06உம் .270உம் தான் ஏராளம்; .300 சாவேஜுக்கு அறை வெட்டியது அபூர்வம். சேகரிப்பவர் அபூர்வத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பார். சுடுபவர் தோட்டா கிடைக்காத ரைபிளைத் தொடவே மாட்டார். இந்தப் பெயர்களில் குழப்பிக்கொள்வதும் ஆபத்து. .303 சாவேஜும் .303 பிரிட்டிஷும் முற்றிலும் வேறு தோட்டாக்கள். அபூர்வத்துக்கு விலை உண்டென்றால் போலியும் உண்டு. குழலை மாற்றியோ அறையைப் புதிதாக வெட்டியோ சாதாரணத்தை அபூர்வமாக்குவார்கள். அதனால் குழலில் உள்ள எழுத்து, அதே மாடலின் மற்ற குழல்களில் உள்ள எழுத்தின் அதே அச்சுதானா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள்.

துளை கணக்கும் இங்கேதான் வரும். போருக்குப் பின் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) சாதாரணமானபோது, ஸ்கோப்பே நினைத்திராத காலத்து ரைபிள்களில் ஆளாளுக்குத் துளை போட்டார்கள். கூடுதலாக ஒவ்வொரு துளையும் விலையைக் குறைக்கும். வரிசை கோணலாக விழுந்த துளை இன்னும் மோசம். அதை நிரப்பி மூடியிருந்தாலும் எஃகின் நிறம் ஓர் இழை வேறுபட்டு வட்டமாகத் தெரியும்.

ராணுவத்திலிருந்து காட்டுக்கு

போர் முடிந்ததும் மவுசர், ஸ்பிரிங்ஃபீல்ட், என்ஃபீல்ட் ராணுவ ரைபிள்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. வாங்கியவர்கள் குழலைக் குறைத்து, கட்டையை மாற்றி, போல்ட் கைப்பிடியை வளைத்து வேட்டை ரைபிள் ஆக்கினார்கள். இன்று அந்தக் கணக்கு தலைகீழ். கை படாத ராணுவ ரைபிளுக்குத்தான் சேகரிப்பாளர் கூட்டம். நூறு மணி நேரம் உழைத்து மாற்றியதை விற்றால் பெரும்பாலும் அதன் உதிரிப்பாகங்களின் விலைகூடத் தேறாது. விதிவிலக்கு, வேலை செய்தவரின் பெயர். 1923இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோவ் போன்ற பட்டறையின் முத்திரை குழலில் இருந்தால், அதே மாற்றம் கலைப்பொருள் ஆகிவிடும். பெயர் இல்லாத மிக நல்ல வேலைக்கு அந்த மரியாதை கிடையாது. நியாயம் இல்லைதான், ஆனால் வாங்குபவருக்கு இது நல்ல செய்தி.

ஸ்பிரிங்ஃபீல்ட் 1903ஐ அடிப்படையாகக் கொண்ட வேட்டை ரைபிள் கையில் வந்தால் அழகைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்டில் 2,85,507க்குக் கீழும் உள்ள ரிசீவர்கள் நொறுங்கக்கூடியவை என்று கருதப்படுகின்றன. எஃகின் சூட்டைத் தொழிலாளி அதன் நிறத்தை வைத்துக் கண்ணால் மதிப்பிட்ட காலம் அது. வெயில் அடிக்கும் நாளில் உலையின் சிவப்பு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு வேண்டும் என்று நினைத்து எஃகை எரித்துவிடுவார்கள். எவ்வளவு அருமையான வால்நட் கட்டை போட்டிருந்தாலும் அந்த எண் வரம்புக்குள் இருக்கும் ரைபிள் சுவரில் மாட்டத்தான்.

சுடத் தகுந்ததா என்ற கேள்விக்கு இன்னொரு அளவு இருக்கிறது. போல்ட்டை மூடினால் தோட்டா எவ்வளவு இடைவெளியோடு உட்காருகிறது என்பதை எஃகு அளவுக் கட்டைகளால் பார்ப்பார்கள். .30-06க்கு 'போகலாம்' கட்டை 1.940 அங்குலம், 'போகக் கூடாது' கட்டை 1.946 அங்குலம். முதலாவதில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. இரண்டுக்கும் இடையில் 6 ஆயிரத்திலொரு பங்கு அங்குலம்தான், சாதாரணத் தாள் ஒன்றரையின் கனம். இதைக் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. சுட நினைக்கும் பழைய ரைபிள் எதுவானாலும் முதல் செலவு கன்ஸ்மித்திடம் இந்தச் சோதனைக்குத்தான்.

இரட்டைக் குழல் ரைபிள்கள் தனி உலகம், ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். இரு குழல்களும் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. அவற்றைக் கழற்றி, அடியில் உள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். நன்றாக இருந்தால் மணி போல ஒலித்து இழையும். பற்று எங்காவது விட்டிருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம். யாராவது அதைச் சூடான காரக் கரைசலில் முக்கிப் புளூயிங் ஏற்றியிருந்தால் பற்றே அரித்துப் போயிருக்கும். இரு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி திரும்ப ஒட்டிக் கொடுக்கும் ஆட்கள் குறைவு, கூலியோ ரைபிளின் விலையோடு போட்டி போடும்.

கதைக்கு விலை

பயன்படுத்தியவர் யார் என்பது சில சமயம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட .275 ரிக்பி, மவுசர் அமைப்பில் செய்த எளிய ரைபிள். பொன் வேலையும் இல்லை, சித்திரமும் இல்லை. கட்டையில் பதித்த சிறு வெள்ளித் தகடு ஒன்று, யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார் என்று சொல்கிறது. அதைச் செய்த ரிக்பி நிறுவனமே 2015இல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கார்பெட் சுமந்து தேய்த்த தேய்ப்பை யாராவது மெருகேற்றி மறைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

கவனிக்க வேண்டியது தகட்டை. வாய்வழிக் கதைக்கு விலை இல்லை. 'தாத்தா இதை வைத்துத்தான்...' என்று தொடங்கும் கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வாங்குபவர் காசு கொடுப்பது வரிசை எண் குறித்த ரசீதுக்கும், அந்த ரைபிள் தெரியும் பழைய புகைப்படத்துக்கும், தயாரிப்பாளரின் பேரேட்டுக்கும்தான். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) என்ற நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் பழைய வின்செஸ்டர், மார்லின் பதிவேடுகளைப் பார்த்துக் கடிதம் தருகிறது. என்ன குழல், என்ன தோட்டா, எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பது அதில் இருக்கும். சில நேரம் அந்தக் கடிதமே குண்டைத் தூக்கிப் போடும்: பதிவேட்டில் இருப்பது எண்கோணக் குழல், கையில் இருப்பது உருண்டைக் குழல்.

வயதை ரைபிளிலேயே படிக்கவும் வழி உண்டு. ஜெர்மானியக் குழல்களின் அடிப்பக்கத்தில் சோதனை முத்திரையோடு மாதமும் ஆண்டும் இருக்கும், '9.26' என்றால் 1926 செப்டம்பர். கட்டையைக் கழற்றாமல் தெரியாது என்பதால் பல சொந்தக்காரர்களே அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்தவை பழம்பொருள் கணக்கில் வருகின்றன. அதனால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில மாத இடைவெளியில் செய்த ஒரே மாதிரி ரைபிள்களுக்கு வேறு வேறு விலை. எந்த நாடாக இருந்தாலும், உரிமம் இல்லாமல் கை மாற்ற முடியாத பொருளுக்கு வாங்கும் கூட்டம் சின்னது என்பதையும் விலையில் சேர்க்க வேண்டும்.

இனி எண்ணுக்கு வருவோம். நிலையை ஒரே சொல்லில் சொல்லும் பழக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவின் நேஷனல் ரைபிள் அசோசியேஷன் வகுத்த தர அளவில் நவீனத் துப்பாக்கிக்கு ஒரு பட்டியல், பழம்பொருளுக்கு வேறு பட்டியல். இரண்டிலும் 'நல்ல நிலை' என்ற தரம் உண்டு, பொருள் வேறு. நவீனப் பட்டியலில் பாதுகாப்பாக வேலை செய்ய வேண்டும், செயல்பாட்டைக் கெடுக்கும் அரிப்பு கூடாது. பழம்பொருள் பட்டியலில் சிறு உதிரிகள் மாறியிருந்தாலும், உலோகத்தில் லேசான அரிப்பு இருந்தாலும் 'நல்ல நிலை'தான். விற்பவர் எந்தப் பட்டியலில் நின்று பேசுகிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சதவீதமும் நேர்க்கோட்டில் போவதில்லை. 98க்கும் 90க்கும் இடையில் விலை மடமடவென்று சரியும். 50க்கும் 30க்கும் இடையில் யாரும் சதவீதத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. குழலின் உட்பக்கமும் மூல உதிரிகளுமே பேசும். நிறைய உழைத்த ரைபிளை விற்பவர் மெருகு பற்றி வருத்தப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது இதிலிருந்து வருகிறது.

விலை தேடும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். மாதக்கணக்கில் விற்காமல் தொங்கும் பொருளின் விலைச்சீட்டு அதன் சொந்தக்காரரின் ஆசையை மட்டும்தான் சொல்லும். ஏலத்தில் விற்ற தொகையிலும் வாங்கியவர் தனியாகக் கட்டிய கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வியாபாரி உங்களுக்குக் கொடுக்கும் விலை இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவர் முதலைப் போட்டுக் காத்திருக்க வேண்டும், அது ஏமாற்று அல்ல. விற்கும்வரை ரைபிளைத் துடைத்து எண்ணெய் மட்டும் போட்டு வையுங்கள். பித்தளை பாலிஷ், எஃகு நார், மர வார்னிஷ் எதுவும் கிட்டே வரக் கூடாது. காலியாகிப் போன பழைய குறிமுள்ளின் இடத்துக்குப் புதுசு வாங்கிப் போடவும் வேண்டாம். கழற்றிய மூலக் குறிமுள் ஏதாவது டப்பாவில் கிடக்கிறதா என்று வீட்டைத் தேடுவது லாபம்.

தேடும்போது அட்டைப் பெட்டியும் அகப்படலாம். வேட்டைக்காரர்கள் வாங்கிய அன்றே தூக்கிப்போட்டது அது. அதனாலேயே இன்று காலிப் பெட்டிக்குத் தனிச் சந்தை இருக்கிறது, அச்சடித்த போலிப் பெட்டிகளும் இருக்கின்றன. பெட்டியின் ஓரச் சீட்டில் எழுதிய எண்ணை ரிசீவரின் எண்ணோடு ஒரு முறைக்கு இரு முறை ஒப்பிட்டு, மை காகிதத்தோடு சேர்ந்து பழுத்திருக்கிறதா, பழுத்த காகிதத்தின் மேல் புதிதாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டிக்கு விலை சொல்வார்கள்.